நாய் வயிற்றுக் கிருமி நமக்கு வருமா?

ஒரகடத்தில் நைட் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருப்பவர், டீக்கடை பிஸ்கட்டில் பாதியைக் காலடியில் வாலாட்டும் நாய்க்குட்டிக்குப் போடுகிறார். தூக்கிக் கொஞ்சவும் செய்கிறார். குட்டியின் வயிற்றில் இருக்கும் கிருமி அவருக்கும் வந்துவிடுமா?

வரலாம். ஆனால் எல்லாக் கிருமியும் அல்ல.

அல்சரை உண்டாக்கும் ஹெலிகோபேக்டர் பைலோரி பெரும்பாலும் மனிதரிடமிருந்து மனிதருக்கு, அதுவும் சின்ன வயதில் வீட்டுக்குள்ளேயே தொற்றுவது. பாவம், நாய் மேல் பழி போட முடியாது. நாய், பூனை வயிற்றில் குடியிருப்பவை பைலோரியின் பங்காளிகள். அந்தச் சுருள் வடிவக் கிருமிகளை 1893-லேயே இத்தாலிய மருத்துவர் பிஸ்ஸோஸெரோ நாயின் வயிற்றில் பார்த்துவிட்டார். ஆஸ்திரேலியாவில் மருத்துவர்கள் மார்ஷலும் வாரனும் பைலோரியை ஆய்வகத்தில் வளர்த்துக் காட்டியதோ 1982-ல்தான்! நாய்க் கிருமிகள் மனிதர் வயிற்றில் தென்படுவது அபூர்வம்.

குட்டிக்குப் பேதி என்றால் மட்டும் கதை வேறு. அதன் கழிவில் கேம்பிலோபேக்டர் என்ற குடல் கிருமி இருக்கலாம். கை வழியாக வாய்க்குப் போனால் மனிதருக்கும் காய்ச்சல், வயிற்றுவலி, பேதி. கொஞ்சி முடித்ததும் சோப்பு போட்டுக் கை கழுவ வேண்டும். குட்டியைக் கால்நடை மருந்தகத்தில் காட்டிவிடலாம்.