சோற்றைக் குறைக்கும் முன் மாத்திரைச் சீட்டை எடுங்கள்

விடியற்காலை நாலரை மணிக்குப் பெரியம்மாவிடமிருந்து போன். "உடனே வாப்பா, அவருக்கு என்னமோ மாதிரி இருக்கு." போய்ப் பார்த்தால், பெரியப்பாவின் பனியன் பிழிந்தால் தண்ணீர் சொட்டும் அளவுக்கு நனைந்திருந்தது. கை நடுங்கியது, பேச்சு குழறியது. எரியும் விளக்குக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு "விளக்கைப் போடு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். விரலில் குத்திப் பார்த்தோம். சர்க்கரை 48.

மூன்று நாளுக்கு முன்புதான் ஏதோ ஒரு காணொளியைப் பார்த்துவிட்டுச் சோற்றை அடியோடு நிறுத்தியிருந்தார். காலையில் முட்டை, மதியம் கீரையும் மீனும், இரவில் ஒரு கைப்பிடி வேர்க்கடலை. உணவை மாற்றியவர், இரண்டு வேளையும் போட்டுவந்த கிளிமிபிரைடு மாத்திரையை மாற்றவில்லை. அந்த மாத்திரை நாம் சாப்பிட்டோமா இல்லையா என்று பார்க்காது, கணையத்திலிருந்து இன்சுலினைச் சுரக்கவைத்துக்கொண்டே இருக்கும். மூன்று வேளைச் சோற்றுக்காகக் கணக்குப் போட்டுக் கொடுத்த மருந்து, சோறில்லாத உடம்பில் வேலை செய்தால் இப்படித்தான் ஆகும்.

சோற்றைக் குறைத்தது தப்பில்லை. இரத்தச் சர்க்கரையை ஏற்றுவதில் மாவுச்சத்துக்குத்தான் முதல் பங்கு, அதைக் குறைத்தால் சர்க்கரை இறங்கும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் நாடு தழுவிய ஆய்வு, நம் நாட்டில் சர்க்கரை நோயாளிகள் 10.1 கோடிப் பேர் என்று 2023இல் மதிப்பிட்டது. அதே ஆய்வின் தரவுகளை வைத்து 2022இல் இன்னொரு கணக்கும் போட்டார்கள். நோய் கட்டுக்குள் வந்து தணிய வேண்டுமானால், சாப்பாட்டின் மொத்தக் கலோரியில் மாவுச்சத்து 49 முதல் 54 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், புரதம் 20 சதவீதத்தை ஒட்டி வர வேண்டும் என்றது அது. சோற்றைத் தொடவே கூடாது என்று அதில் இல்லை.

நம் வீடுகளில் நடப்பது வேறு. சோற்றை விட்டுவிட்டு மூன்று சப்பாத்திக்கும் உருளைக்கிழங்குக் குருமாவுக்கும் மாறிவிட்டு, "நான்தான் சோறே சாப்பிடுவதில்லையே" என்கிறோம். 100 கிராம் தீட்டிய அரிசியில் சுமார் 78 கிராம் மாவுச்சத்து, கோதுமை மாவில் சுமார் 64, கேழ்வரகில் சுமார் 67. கோதுமையிலும் கேழ்வரகிலும் நார்ச்சத்து கூடுதல் என்பது உண்மைதான். ஆனால் கேழ்வரகை நைசாக அரைத்துக் கஞ்சி காய்ச்சிக் குடித்தால் அந்த நன்மையில் பெரும்பகுதி போய்விடும். தானியத்தை மாற்றுவதைவிடத் தட்டைப் பிரித்துக்கொள்வதே மேல். தட்டில் பாதி அவரை, கொத்தவரை, வெண்டை, முட்டைக்கோஸ், கீரை. கால் பங்கு சுண்டலோ மீனோ முட்டையோ. மீதிக் கால் பங்குதான் சோறு, அதையும் தினமும் ஒரே கரண்டியால் அளந்து போடுங்கள். பொரியலை முதலில் சாப்பிட்டுவிட்டுச் சோற்றுக்கு வந்தால் சர்க்கரை ஏறும் வேகமும் குறையும்.

ஆனால் கரண்டியைத் தொடும் முன் மாத்திரைச் சீட்டை எடுங்கள். கிளிமிபிரைடு, கிளிக்ளாசைடு, கிளிபென்கிளமைடு இவற்றில் ஏதாவது இருந்தாலோ, இன்சுலின் போட்டுக்கொண்டாலோ, உணவைக் குறைக்கிற அன்றே அளவையும் குறைக்க வேண்டியிருக்கும். எவ்வளவு என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். மெட்ஃபார்மின் மட்டும் போடுகிறவர்களுக்கு இந்த ஆபத்து குறைவு.

பெயர் 'கிளிஃப்ளோசின்' என்று முடிகிற மாத்திரைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். டாபாகிளிஃப்ளோசினும் எம்பாகிளிஃப்ளோசினும் சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றுபவை. இவற்றைப் போட்டுக்கொண்டே மாவுச்சத்தை ஒரேயடியாக வெட்டினால், இரத்தத்தில் கீட்டோன் என்ற அமிலம் தேங்கலாம். கருவியில் சர்க்கரை 180 என்று சாதுவாகக் காட்டும், உள்ளே நிலைமை உயிருக்கே ஆபத்தாக இருக்கும். வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வாங்குதல் வந்தால் கருவியை நம்பி உட்காராமல் 108ஐ அழையுங்கள். முதல் வகை நோயுள்ள பிள்ளைகளுக்கு எந்த உணவுமுறையின் பேரிலும் இன்சுலினை நிறுத்தக் கூடாது. கர்ப்பிணிகளும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் தாமாக எதையும் தொடங்க வேண்டாம்.

சர்க்கரை 70க்குக் கீழே போனால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைக் கரைத்துக் குடித்துவிட்டு, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். வோக்ளிபோஸ் மாத்திரை போடுகிறவர்களுக்கு வீட்டுச் சர்க்கரை சீக்கிரம் கைகொடுக்காது, ஏனென்றால் சர்க்கரை உடைந்து குளுக்கோஸாவதையே அந்த மருந்து தாமதப்படுத்துகிறது. அவர்கள் குளுக்கோஸ் பொடியே வைத்திருக்க வேண்டும். இதையெல்லாம் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பார்கள்? பெரியப்பாவுக்கு யாரும் சொல்லவில்லை.

"சோற்றைப் பாதியாக்கப் போகிறேன், எந்த மாத்திரையைக் குறைக்க வேண்டும்?" என்று மருத்துவரிடம் கேட்பது உங்கள் உரிமை, தயங்காதீர்கள். சிகிச்சைப் பதிவுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று மருத்துவர்களுக்கான 2002ஆம் ஆண்டு நெறிமுறையே சொல்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை வருகிறது. பெரிய உதவி அது. ஆனால் வாசலில் மாத்திரை வாங்குகிறவர்கள் டாக்டரைப் பார்க்காமலே மாதங்களைக் கடத்திவிடக் கூடாது. சாப்பாட்டை மாற்றினால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஒரு நடை போய், அளவைப் பார்க்கச் சொல்லுங்கள்.

"48 நாளில் சர்க்கரைக்கு விடை, இன்சுலினைத் தூக்கி எறியுங்கள்" என்று பொடி விற்கிறவர்கள்மேல்தான் எனக்குத் தீராத கோபம். சர்க்கரை நோயைக் குணப்படுத்துவதாக மருந்து விளம்பரம் செய்வதையே 1954ஆம் ஆண்டுச் சட்டம் குற்றம் என்கிறது. முதல் முறைக்கே ஆறு மாதம் வரை சிறை உண்டு. மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கு எழுதலாம், 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லலாம். "சர்க்கரை நோயாளிகளுக்கானது" என்று விற்கும் மாவிலும் பிஸ்கட்டிலும் முன்பக்க எழுத்தை விடுங்கள், பின்பக்கத்தில் மொத்தக் கார்போஹைட்ரேட் எவ்வளவு என்று பாருங்கள். இவற்றால் பணம் போயிருந்தாலோ உடம்பு கெட்டிருந்தாலோ மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் கிடையாது. ரசீது, டப்பா, விளம்பரத்தின் படம், ஆஸ்பத்திரிச் சீட்டு இவற்றில் எதையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.