புதுக் கோழிக்கு ஒரு மாதம் தனிக் கூண்டு



உங்கள் கொல்லையில் நாலைந்து கோழிகள் மேயும். அவை இடும் முட்டைதான் பிள்ளைகளின் தட்டுக்கு வருகிறது. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம் உண்டு. வளரும் குழந்தைக்கும், கர்ப்பிணிக்கும், பால் கொடுக்கும் தாய்க்கும் வீட்டிலேயே கிடைக்கும் சத்துணவு அது. மிச்ச முட்டையை விற்றால் அந்தக் காசு வீட்டு அம்மாவின் கையில் நிற்கும். நோட்டுப் புத்தகத்துக்கும் ஆகும், அவசரத்துக்கும் ஆகும்.

கோழிகளுக்கு வயதானால் முட்டை குறையும். "ஏங்க, நாலு விடைக்கோழி வாங்கி விடலாமா?" என்று பேச்சு வரும். நல்ல யோசனைதான். ஆனால் சந்தையில் வாங்கிய பெட்டையை அன்று மாலையே பழைய கோழிகளோடு பஞ்சாரத்தில் விட்டுக் கவிழ்த்துவிடுகிறோம். பத்து நாளில் புதியதும் போச்சு, பழையதும் போச்சு. "யார் கண்ணு பட்டதோ!" என்கிறோம். கண்ணும் இல்லை, காத்துக் கருப்பும் இல்லை. நோய்க்கிருமிதான் காரணம். பல வீடுகளில் அது புதுக் கோழியோடுதான் வந்து சேர்கிறது.

நல்லா இருந்த கோழிதானே?

இப்படித்தான் பலரும் கேட்கிறார்கள். வாங்கும்போது சுறுசுறுப்பாகத்தான் இருந்திருக்கும். ஆனால் கிருமி உள்ளே புகுந்த அன்றைக்கே கோழி படுத்துவிடாது.

வெள்ளைக்கழிச்சலையே எடுத்துக்கொள்ளுங்கள். இதற்கு ராணிக்கெட் நோய் என்றும் பெயர். குமாவோன் மலைப்பகுதியில் உள்ள ராணிக்கெட் என்ற ஊரில் 1927-ல் இது கண்டறியப்பட்டதால் இந்தப் பெயர் வந்தது. கிருமி புகுந்து, நோய் வெளியே தெரிய சாதாரணமாக 5, 6 நாள் ஆகும். சில சமயம் 15 நாள் கூட ஆகலாம். பிறகு கோழி இரை எடுக்காது, வாயைத் திறந்து மூச்சு வாங்கும், பச்சையும் வெள்ளையுமாகக் கழியும், கழுத்து முறுக்கிக்கொள்ளும், கால், இறக்கை விழுந்துவிடும். வந்தபின் குணப்படுத்த மருந்து கிடையாது.

சளி நோய் வந்து தேறிய கோழி, பார்க்க நன்றாக இருந்தாலும், கிருமியை நெடுநாள் சுமந்து திரியும். இரத்தக்கழிச்சலும் குடற்புழுவும் எச்சத்தின் வழியாகப் பரவும். பேனும் உண்ணியும் இறகுக்குள் ஒளிந்து வரும். உங்கள் பழைய கோழிகளிடம் இருப்பது புதிய பெட்டைக்கும் ஒட்டும். ஆகவே தனியாக வைப்பது இரண்டு பக்கத்துக்கும் நல்லது.

நல்ல ஜாதிக் கோழி என்றால்?

சென்னையில் கோட்டூர்புரம் பாலத்தைத் தாண்டினால் அடையாற்றின் மறுகரையில் நந்தனம். அங்கே இருந்த கோழி ஆராய்ச்சி நிலையத்தில் உருவானதால்தான் 'நந்தனம் கோழி' என்ற பெயர். கொல்லையில் வளர்க்க ஏற்ற இனம். அதை வாங்கினாலும் சரி, நாட்டுக்கோழி வாங்கினாலும் சரி, ஜாதி நோயைத் தடுக்காது. தடுப்பூசியும் தனிக் கூண்டும்தான் தடுக்கும்.

வாங்கும்போது கவனியுங்கள்

* கண் தெளிவாக இருக்கிறதா? மூக்கில் நீர் வடிகிறதா?
* கொண்டையிலும் தாடியிலும் அம்மைக் கொப்புளம் உண்டா?
* பின்பக்க இறகில் கழிச்சல் ஒட்டியிருக்கிறதா?
* இறக்கைக்கு அடியில் பேன், உண்ணி இருக்கிறதா?
* எத்தனை வாரக் கோழி? எந்த ஊசி, எப்போது போட்டது?

விலை மலிவு என்று அவசரப்படாதீர்கள். ஊரில் கோழி சாகத் தொடங்கினால், மிச்சத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்து தள்ளுவோரும் உண்டு. பல ஊர்க் கோழிகள் கூடும் சந்தையைவிட, தெரிந்தவர் வீட்டிலோ அரசுப் பண்ணையிலோ வாங்குவது மேல்.

ஒரு மாதம் தனியாக வையுங்கள்

வீட்டின் மறுபக்கத்தில், பழைய கோழிகள் நெருங்காத இடத்தில் புதுக் கூண்டு இருக்கட்டும். தரை ஈரம் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தண்ணீர்ச் சட்டியும் தீவனத் தட்டும் தனித்தனியாக வேண்டும். காலையில் முதலில் பழைய கோழிகளுக்கு இரை வையுங்கள். பிறகு புதியவற்றிடம் போங்கள். திரும்பியதும் சோப்புப் போட்டுக் கை கழுவி, செருப்பையும் கழுவுங்கள். இந்த வரிசை மாறினால் தனியாக வைத்ததற்கே பலன் இல்லை. கிருமி உங்கள் காலோடு நடந்துவிடும். வாங்கி வந்த கூடையையும் கழுவி வெயிலில் காயப்போடுங்கள்.

தினமும் எச்சத்தைப் பாருங்கள். வீட்டு அம்மா மட்டும்தான் பார்க்க வேண்டும் என்று இல்லை. ஐயா அவர்களும் பார்க்கலாம்! 30 நாளில் ஒரு கோழி சுணங்கினாலும் உடனே கால்நடை மருந்தகத்தில் காட்டுங்கள்.

தடுப்பூசியை மறக்காதீர்கள்

வெள்ளைக்கழிச்சலுக்குக் குஞ்சின் 7-ஆம் நாளில் கண்ணிலும் மூக்கிலும் சொட்டு மருந்து. 4-ஆம் வாரத்தில் மறுபடியும் மருந்து. 8-ஆம் வாரத்தில் இறக்கையில் ஊசி. முட்டைக்கு வரும் முன், 16 முதல் 18 வாரத்துக்குள், இன்னொரு ஊசி. குஞ்சில் ஒரு சொட்டு விட்டதோடு சரி என்று இருக்க வேண்டாம்.

ஊசி போட்டதும் உடனே பாதுகாப்பு வந்துவிடாது. உடம்பில் எதிர்ப்புச் சக்தி உண்டாக இரண்டு வாரம் வேண்டும். ஆகவே புதுக் கோழி வாங்கும் முன்பே பழைய கோழிகளுக்கு ஊசி போட்டுவிடுங்கள். நோயுற்ற கோழிக்கு ஊசி போடக் கூடாது. மருந்து பனிக்கட்டியில் இருக்க வேண்டும். சூடு பட்டால் வீண். கோடையில் நோய் அதிகம் பரவும். அதனால்தான் பிப்ரவரி மாதத்தில் கால்நடைத் துறை இருவார இலவச முகாம் நடத்துகிறது. உங்கள் ஊருக்கு என்றைக்கு என்று மருந்தகத்தில் கேட்டு வையுங்கள்.

சேர்க்கும் விதம்

மாதம் முடிந்ததும் ஒரு வாரம் வலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக வைத்துப் பழக்குங்கள். பிறகு பொழுது சாய்ந்து கோழிகள் அடையும் நேரத்தில் சேர்த்து விடுங்கள். இரண்டு இடத்தில் தீவனமும் தண்ணீரும் வையுங்கள். கொஞ்சம் கொத்திக்கொள்ளும், சில நாளில் அடங்கிவிடும். இரத்தம் வரும் கோழியை மட்டும் பிரித்து வையுங்கள்.

வீட்டாரின் நலம்

* கோழியையோ முட்டையையோ தொட்டபின் பெரியவர்களும் பிள்ளைகளும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். கோழி எச்சத்தில் உள்ள கிருமி வயிற்றுப்போக்கு உண்டாக்கும். கைக்குழந்தைக்கு அது ஆபத்து.
* அடுப்படியில் கோழியை விடாதீர்கள். தவழும் குழந்தையைக் கூண்டருகே விடாதீர்கள்.
* முட்டையை நன்றாக வேகவைத்தே கொடுங்கள்.
* "சாகும் முன் அறுத்துவிடலாம்" என்று நோயுற்ற கோழியைக் குழம்பு வைக்க வேண்டாம்.
* செத்த கோழியை ஆற்றிலோ வாய்க்காலிலோ வீசாதீர்கள். ஆழமாகக் குழி வெட்டி, சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள்.

ஒரே சமயத்தில் பல கோழிகள் செத்தால் வெறுங்கையால் தொடாமல் கால்நடை மருத்துவருக்குச் சொல்லுங்கள். பறவைக் காய்ச்சல் 2006-ல் மகாராஷ்டிராவின் நவாபூர் பகுதிப் பண்ணைகளில் முதன்முதலாக நம் நாட்டில் தென்பட்டது. அதன் பிறகு வேறு பல மாநிலங்களிலும் வந்திருக்கிறது. நோயுற்ற கோழியைத் தொட்டவருக்குக் காய்ச்சல், இருமல், கண் சிவப்பு வந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். கோழியைத் தொட்ட விஷயத்தையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

மாதம் ஒன்று பொறுப்பது பெரிய காரியம் இல்லை. பொறுக்காவிட்டால் போவது நாலு கோழி மட்டும் அல்ல. பிள்ளையின் முட்டை, அம்மாவின் கைக்காசு, வீட்டாரின் ஆரோக்கியம் எல்லாம்தான். கணவனும் மனைவியும் இன்றே கலந்து பேசி, புதுக் கூண்டுக்கு இடம் பாருங்கள். கோழி வாங்குவது அதற்குப் பிறகு.

முதலில் தனிக் கூண்டு! பிறகு புதுக் கோழி!