கோப்புக்குத் தன் பெயர் தெரியாது

படத்தைத் திறந்தால் நோட்பேட் வந்து புரியாத குறிகளைக் கொட்டுகிறது. பழைய ஹார்ட் டிஸ்கைப் புதுக் கணினியில் மாட்டினால், நம் ஃபோல்டரையே திறக்க அனுமதி இல்லை என்கிறது. எல்லாம் போயிற்று என்று பதறி டிஸ்கை ஃபார்மேட் செய்துவிடுபவர்கள் உண்டு. தயவுசெய்து பொறுங்கள். இந்த இரண்டு கோளாறிலும் பெரும்பாலும் கோப்பின் உள்ளே ஒரு பைட்கூட மாறியிருக்காது.

கோப்பு என்பது எண்களின் வரிசை. அதன் பெயரும் உரிமையாளரும் அதற்கு வெளியே, டிஸ்கின் பதிவேட்டில் இருக்கின்றன. எந்தச் செயலி திறக்க வேண்டும் என்பதை விண்டோஸ் தன் ரெஜிஸ்ட்ரியில் வைத்திருக்கிறது. பெயரின் கடைசிப் புள்ளிக்குப் பின்னுள்ள எக்ஸ்டென்ஷனைப் பார்த்தே அங்கே தேடுகிறது. ஆகவே வலது கிளிக் செய்து, 'ஓப்பன் வித்' போய்ச் சரியான செயலியைத் தேர்ந்து, 'ஆல்வேஸ்' கொடுத்தால் முதல் கோளாறு தீர்ந்தது.

எக்ஸ்டென்ஷனே தவறாக இருந்தால்? கோப்பின் தொடக்க பைட்டுகள் காட்டிக்கொடுத்துவிடும். பிஎன்ஜி படம் எப்போதும் 137 என்ற எண்ணில் தொடங்கும். ஜிப் கோப்பு, அந்த வடிவத்தை உருவாக்கிய ஃபில் காட்ஸின் முதலெழுத்துகளான 'பி', 'கே'யில் தொடங்கும். வேர்டின் டாக்எக்ஸ் கோப்பும் அப்படியே தொடங்குகிறது, ஏனென்றால் அதுவும் ஒரு ஜிப்தான்! நகல் ஒன்றை எடுத்து எக்ஸ்டென்ஷனை ஜிப் என்று மாற்றிப் பிரித்துப் பாருங்கள். ஆவணத்தில் செருகிய படங்கள் 'மீடியா' ஃபோல்டரில் தனித்தனியாகக் கிடக்கும்.

அனுமதிச் சிக்கலின் வேர் இன்னும் சுவையானது. விண்டோஸ் உங்களைப் பெயரால் அறிவதில்லை, ஒரு நீண்ட எண்ணால் அறிகிறது. புதிதாக விண்டோஸ் நிறுவும்போது அந்த எண் மாறிவிடும். அதே பெயரில் கணக்கு வைத்தாலும் பழைய கோப்புக்கு நீங்கள் அந்நியர். அட்மினிஸ்ட்ரேட்டராக நுழைந்து, ப்ராப்பர்ட்டீஸில் செக்யூரிட்டி, அட்வான்ஸ்டு வழியாக உரிமையாளரை மாற்றி, தேவையான அனுமதியைக் கொடுக்க வேண்டும். நிலம் அப்படியே இருக்க, பட்டாவில் பெயர் மாற்றுகிற வேலைதான் இது. என்கிரிப்ட் செய்த கோப்புக்கு மட்டும் இது போதாது, அதன் சாவியும் வேண்டும். விண்டோஸ் ஃபோல்டரின் உரிமையில் கைவைக்கவே வேண்டாம்.

லினக்ஸில் உரிமையாளர், குழு, மற்றவர் என மூவருக்கும் படிக்க, எழுத, இயக்க என்று ஒன்பது அனுமதிகள். அவசரத்தில் பலர் இந்த ஒன்பதையும் 777 என்ற எண்ணால் மொத்தமாகத் திறந்துவிடுகிறார்கள். அது எல்லோரையும் உள்ளே விடுகிறது. அழிக்க முடியாத கோப்பென்றால் அதன் அனுமதியை அல்ல, அது இருக்கும் ஃபோல்டரின் அனுமதியைப் பாருங்கள். பெயர் எழுதப்பட்டிருப்பது ஃபோல்டரில். அழிப்பது என்பது அந்தப் பெயரை அங்கிருந்து நீக்குவதே. அதனால்தான், படிக்கக்கூட உரிமையில்லாத ஒரு கோப்பை, ஃபோல்டர் உங்களுடையதாக இருந்தால், அழிக்க முடிகிறது.