மலைச்சாலையும் மரையாணியும்

பகாங் மாநிலத்தின் கேமரன் மலையில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,440 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ள ஊர் தானா ராத்தா. மலாய் மொழியில் இப்பெயருக்குச் ‘சமதரை’ என்பது பொருள். ஆயினும், இவ்வூரைச் சுற்றியுள்ள சாலைகள் சமமானவை அல்ல. பேராக் மாநிலத்தின் தாப்பாவிலிருந்து இங்கு வரும் ஏறத்தாழ 60 கிலோமீட்டர் சாலை, மலைச்சரிவில் வளைந்து வளைந்து ஏறுகிறது. தேயிலைத் தோட்டங்களுக்கும் காய்கறித் தோட்டங்களுக்கும் செல்லும் பாதைகள் இன்னும் குறுகியவை, மேடுபள்ளம் நிறைந்தவை. லாரிகளும் பழைய லேண்ட் ரோவர் வண்டிகளும் இப்பாதைகளில் சுமையேற்றிச் செல்கின்றன.

இத்தகைய வண்டிகளின் சக்கரம் முதல் இயந்திரம் வரை பல பாகங்களை இணைத்து வைத்திருப்பவை போல்ட்டு எனப்படும் மரையாணிகளும் அவற்றின் நட்டுகளுமே. இறக்கத்தில் செல்லும்போது ஒரு சக்கரம் கழன்றால், ஓட்டுநரின் உயிருக்கு மட்டுமன்றி, சாலையில் செல்லும் பிறரின் உயிருக்கும் ஆபத்து நேரும்.

சுவரில் அடித்த ஆணி பொருளைத் தாங்குவது போலவே மரையாணியும் சுமையைத் தாங்குகிறது எனப் பலர் எண்ணுவர். உண்மையில், அதன் முதன்மையான வேலை பாகங்களை நெருக்கிப் பிடிப்பதே ஆகும். நட்டை இறுக்கும்போது மரையாணி மிகச் சிறிதளவு நீள்கிறது. இழுக்கப்பட்ட ரப்பர் வளையத்தைப் போல, அது மீண்டும் சுருங்க முயல்கிறது. அவ்விசையே இரு பாகங்களையும் அசையாமல் பற்றிக்கொள்கிறது.

ஸ்பானரில் செலுத்தப்படும் முயற்சியில் பத்தில் ஏறத்தாழ ஒன்பது பங்கு உராய்வை வெல்வதற்கே செலவாகிறது. எஞ்சிய ஒரு பங்கே பாகங்களை நெருக்குகிறது. மரையில் துருவோ மண்ணோ இருந்தால், உராய்வு மேலும் கூடும். அப்போது நட்டு இறுகிவிட்டதாகக் கை உணரும். பிடிப்போ போதாமல் இருக்கும். எனவே, மரையைத் துடைத்துச் சுத்தம் செய்த பின்னரே இறுக்க வேண்டும்.

இறுகிய நட்டு ஏன் தளர்கிறது? ஜெர்மானியப் பொறியியலாளர் கெர்ஹார்ட் யுங்கர் 1969ஆம் ஆண்டில் இதற்கு விளக்கம் அளித்தார். இணைந்த பாகங்கள் பக்கவாட்டில் திரும்பத் திரும்ப அசையும்போது, நட்டு சிறிது சிறிதாகத் தானே சுழன்று தளர்கிறது என்பதை அவர் சோதனைவழி காட்டினார். மேடுபள்ளமான பாதை தரும் அதிர்வு இத்தகைய அசைவை உண்டாக்கும்.

பிடிப்பு குறைந்ததும் மரையாணி ஒவ்வொரு குலுக்கலிலும் வளைந்து நிமிர்கிறது. கம்பியை மீண்டும் மீண்டும் வளைத்தால் அது ஒடிவது போல, மரையாணியும் ஒருநாள் ஒடிகிறது. ஆகவே, ஒடிந்த மரையாணிகள் பல, ஒடிவதற்கு முன்பே தளர்ந்தவை. ஒடிந்த ஒன்றை மட்டும் மாற்றினால் போதாது. அதன் சுமையையும் சேர்த்துத் தாங்கிய பக்கத்து மரையாணிகளையும் சோதித்து, தேவையானால் மாற்ற வேண்டும்.

தளர்வுக்குச் சில அடையாளங்கள் உண்டு. நட்டின் ஓரத்திலிருந்து துருக்கறை கோடாக வழிந்திருக்கும். பாகங்கள் உராய்ந்த இடம் பளபளக்கும். பயணத்திற்கு முன் வண்டியைச் சுற்றிவந்து பார்த்தாலே இவற்றைக் கண்டறியலாம். சக்கரத்தைக் கழற்றி மாட்டியபின், 50 முதல் 100 கிலோமீட்டருக்குள் அதன் நட்டுகளை மீண்டும் சோதிப்பது நல்ல வழக்கமாகும்.

பழைய லேண்ட் ரோவர் வண்டிகளில் மற்றொரு சிக்கலும் உண்டு. அவற்றின் மேற்கூடு பெரும்பாலும் அலுமினியக் கலவையால் ஆனது. மரையாணிகளோ எஃகால் ஆனவை. இவ்விரு உலோகங்களும் ஈரத்தில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால், அலுமினியம் அரிக்கப்பட்டு மரையாணி இறுகிப் பிடித்துக்கொள்ளும். மழையும் பனிமூட்டமும் மிகுந்த மலையில் இது விரைவில் நிகழும். இந்நிலையில் முரட்டுத்தனமாகத் திருகினால் மரையாணி முறியும். துருநீக்கி எண்ணெயை ஊற்றிச் சில மணி நேரம் காத்திருந்து, மெல்லத் தட்டி, முன்னும் பின்னுமாகச் சிறிது சிறிதாகத் திருக வேண்டும்.

அப்படியும் முறிந்தால், வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் துண்டை இடுக்கியால் பற்றிச் சுழற்றலாம். உள்ளேயே முறிந்திருந்தால், துண்டின் நடுவில் துளையிட்டு, இடப்பக்க மரையுள்ள கருவியைச் செலுத்தி வெளியேற்றுவர். இது பயிற்சி பெற்ற பட்டறைக்காரரின் வேலை. வண்டியின் அடியில் வேலை செய்யும்போது ஜாக்கியை மட்டும் நம்பாமல், உறுதியான தாங்கிகளையும் பயன்படுத்த வேண்டும்.

புதிய மரையாணி அளவிலும் மரையிலும் வலிமையிலும் பழையதற்கு ஈடாக இருத்தல் அவசியம். மெட்ரிக் மரையாணிகளின் தலையில் காணப்படும் 8.8, 10.9 போன்ற எண்கள் வலிமையைக் குறிப்பவை. பழைய வண்டிகளில் அங்குல அளவு மரையாணிகளும் இருக்கும். அவற்றில் மெட்ரிக் நட்டை வலிந்து ஏற்றினால் மரை கெட்டுவிடும்.

பெரிய தேர் ஓடுவதற்குச் சிறிய அச்சாணி இன்றியமையாதது. உருவத்தைக் கண்டு எதையும் இகழலாகாது என்பது வள்ளுவர் கருத்து. மலைச்சாலையில் ஓடும் லாரிக்கும் இது பொருந்தும். புறப்படுவதற்கு முன் சில நிமிடங்கள் செலவிட்டு நட்டுகளைச் சோதிக்கும் ஓட்டுநர், பல உயிர்களைக் காக்கிறார்.