ஓரடிக் குழாய்க்கு வந்த விலை

ஆய்வுகூடச் சாமான் விற்கிறேன் என்று சொன்னால், "அதிலும் வியாபாரம் இருக்கிறதா?" என்று கேட்பவர்கள் நம்மவர்களில் இன்னும் உண்டு. கண்ணாடிக் குடுவை விற்று ஆரம்பித்த எனது கடைக்கு இன்று வரும் சாமான்களில், அளவுக்கும் விலைக்கும் சம்பந்தமே இல்லாத ஒன்று இருக்கிறது. ஓரடி நீளமான, கறள் பிடிக்காத உருக்குக் குழாய். இரண்டு பக்கமும் மூடி. ஆய்வுகூடக்காரர் இதனைக் 'கொலம்' என்பார்கள். மூன்று கொலம்களை ஒன்றாக வாங்கினால் சாதாரண சம்பளக்காரரின் பல மாத உழைப்பு அதற்குள் போய்விடும்.

நான் பள்ளிப் படிப்போடு கடைக்கு வந்தவன். இது என்ன செய்கிறது என்பதை எனக்கு விளங்கும் விதத்திலேயே சொல்கிறேன். குழாய்க்குள் பொலிஸ்டைரீனால் செய்த மிகச் சிறிய மணிகள் இறுக்கி நிரப்பப்பட்டிருக்கும். ஒரு மணியின் விட்டம் 5 அல்லது 10 மைக்ரோமீற்றர்தான். ஒவ்வொரு மணியிலும் நுண்துளைகள். இறப்பரையோ பிளாஸ்டிக்கையோ கரைப்பானில் கரைத்து இதற்குள் செலுத்தினால், பெரிய மூலக்கூறு முதலில் வெளியே வரும், சிறியது பிந்தி வரும். புறக்கோட்டை மெயின் வீதியில் லொறியும் கைவண்டிப் பையனும் ஒன்றாகப் புறப்பட்டால் என்ன நடக்கும்? லொறி சந்துகளுக்குள் நுழைய முடியாமல் நேரே போய்விடும். பையன் ஒவ்வொரு குறுக்குத் தெருவிலும் நுழைந்து நின்று பிந்தித்தான் வருவான். அதே கதைதான். 1964 இல் அமெரிக்காவின் டவ் கெமிக்கல் கம்பனியைச் சேர்ந்த மூர் என்பவர் பல்பகுதியங்களுக்கு இம்முறையை வெளியிட்டார்.

இறப்பர் தொழிற்சாலைக்கு இது எதற்கு? இறப்பரின் பலம் அதன் சங்கிலிகளின் நீளத்தில் இருக்கிறது. மில்லில் போட்டு அளவுக்கு மிஞ்சி அரைத்தால் சங்கிலி அறுந்து மூலக்கூற்று நிறை குறைந்துவிடும். கண்ணால் பார்த்து அதனைச் சொல்ல முடியாது. கொலம்தான் சொல்லும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். 2022 ஆம் ஆண்டு. மார்ச் ஆரம்பத்தில் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360 ஐத் தாண்டியது. வங்கியில் எல்.சி. திறப்பதே பெரும்பாடு. அந்த நேரத்தில் மேல் மாகாணத் தொழிற்சாலை ஒன்றுக்காக மூன்று கொலம்கள் எப்படியோ வந்து சேர்ந்தன. பெட்டியைக் கடைப் பையனிடம் மோட்டார் சைக்கிளில் கொடுத்தனுப்பிவிட்டு நிம்மதியாக இருந்தேன்.

மறுநாள் அங்கு வேலை செய்யும் இளம் இரசாயனவியலாளர் கோல் எடுத்தார். "நானா, ஒற்றை முகடாக வரவேண்டிய தொலுயீன் இரண்டாகப் பிரிந்து வருகிறது. புதுச் சாமான்தானே?" குரல் நடுங்கியது. நேரில் போய்க் கேட்டபோதுதான் விளங்கியது. அந்த இயந்திரத்தில் முதல் நாள்வரை வேறொரு பரிசோதனைக்காகத் தண்ணீரும் மெதனோலும் ஓடியிருக்கின்றன. கழுவாமலே புதுக் கொலம்களைப் பூட்டி, எடுத்த எடுப்பில் நிமிடத்துக்கு 1 மில்லிலீற்றர் வேகத்தில் பம்பை ஓடவிட்டிருக்கிறார். இந்த மணிகள் ரி.எச்.எப். என்ற கரைப்பானில் ஊறி உப்பியிருப்பவை. தண்ணீர் பட்டால் சுருங்கும். சுருங்கினால் உள்ளே வெற்றிடம் விழும். அரை மணித்தியாலத்தில் கதை முடிந்துவிட்டது.

செய்ய வேண்டியது கடினமான வேலையல்ல, பொறுமையான வேலை. முதலில் கொலம் இல்லாமலே குழாய்களையெல்லாம் ரி.எச்.எப். விட்டுக் கழுவ வேண்டும். தண்ணீர் ஓடிய இயந்திரமாக இருந்தால், இரண்டோடும் கலக்கும் கரைப்பான் ஒன்றை இடையில் ஓடவிடுவது நல்லது. பிறகு அம்புக்குறி பார்த்து, காவல் கொலத்தை முன்னால் வைத்துப் பூட்ட வேண்டும். ஒரு கம்பனியின் பொருத்தியை இன்னொரு கம்பனியின் வாய்க்குப் போட்டால் உள்ளே இடைவெளி விழும், அல்லது ஒழுகும். இது பலருக்குத் தெரியாது. பம்பை 0.1 மில்லிலீற்றரில் ஆரம்பித்து, அமுக்கத்தைப் பார்த்துப் பார்த்துக் கூட்ட வேண்டும். வெளிவருவதை முதலில் பீக்கரில் விட்டு, அதன் பிறகே உணர்கருவியோடு இணைக்க வேண்டும். கோடு அசையாமல் நின்றபின், நிறை தெரிந்த பொலிஸ்டைரீன் நியமங்களை ஓட்டி அளவுகோல் போட வேண்டும். இறப்பர் மாதிரியை வடிகட்டாமல் ஏற்றவே கூடாது. இறப்பரில் கரையாத பிசின் பகுதி எப்போதும் கொஞ்சம் இருக்கும். அது வாயை அடைத்துவிடும்.

முகாமையாளர் நட்டத்தைப் பையனின் சம்பளத்தில் மாதாமாதம் கழிப்பதாக முடிவு செய்திருந்தார். எனது பில்லில் பூட்டிக் கொடுப்பது பற்றி ஒரு வரிகூட இல்லை. சட்டப்படி எனக்குப் பொறுப்பில்லை. ஆனால் கடைக்கு வந்து கோப்பைத் திறந்தபோது, சுங்கக் கடதாசிகளோடு சேர்த்து அந்தக் கொலம்களின் அறிவுறுத்தல் தாளும் குத்தப்பட்டிருந்தது. கப்பல் பத்திரங்களைப் பிரிக்கும்போது நாங்களே அதைப் பெட்டியிலிருந்து எடுத்திருக்கிறோம். 'மெதுவாக ஆரம்பிக்கவும், தண்ணீர் ஆகாது' என்பதெல்லாம் அதில் தெளிவாக இருந்தது.

இரண்டு நாட்கள் யாரிடமும் வாய் திறக்கவில்லை. பொய் சொல்லமாட்டேன், அந்தத் தாளைக் கிழித்துப் போட்டால் யாருக்குத் தெரியும் என்ற எண்ணமும் வந்தது. மூன்றாம் நாள் அதை எடுத்துக்கொண்டு முகாமையாளரிடம் போனேன். புதுக் கொலம்களுக்கு விலையில் பாதியை நான் ஏற்பது, மீதியைத் தொழிற்சாலை ஏற்பது, பையனிடம் ஒரு சதமும் கழிப்பதில்லை என்று பேசி முடித்தோம். அந்தப் பாதி, அவ்வருட இலாபத்தில் பெரிய ஓட்டையைப் போட்டது. புதியவை வந்து சேர ஐந்து மாதங்கள் பிடித்தன. அவற்றை நானும் கூடவே போய் நின்று, ஒரு முழுப் பகல் செலவழித்துப் பூட்டினோம். அன்று தொலுயீன் ஒற்றை முகடாக வந்ததைப் பார்த்துப் பையன் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

இப்போது எனது விலைக்கோரலில் பூட்டும் கூலி தனி வரியாக இருக்கிறது. "அது வேண்டாம், எங்கள் ஆட்கள் பூட்டுவார்கள்" என்று வெட்டச் சொல்பவர்களுக்கு அறிவுறுத்தல் தாளைக் கொடுத்துக் கையொப்பம் வாங்குகிறேன். பழுதான மூன்றில் ஒன்று எனது மேசையில் கடதாசி பறக்காமலிருக்கக் கிடக்கிறது. கடைக்கு வரும் பேரப்பிள்ளைக்கு அது சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்ப்.