பெயர் சொல்லாமல் சிரிக்கவைத்த மேடை

நாடக வரலாற்றுப் பாடத்துக்காக நான் ஒரு சிறிய அரங்கைப் பற்றிப் படைக்க வேண்டியிருந்தது. ஜெர்மானியக் கேலி அரங்கமான ‘டீ ஃபெஃபர்முய்லெ’யைத் தேர்ந்தெடுத்தேன். பெயரின் பொருள் ‘மிளகு அரைக்கும் குடுவை’. எழுத்தாளர் தாமஸ் மான் சாப்பாட்டு மேசையிலிருந்த குடுவையைக் காட்டி இப்பெயரைச் சூட்டியதாகச் சொல்வார்கள்.

அவருடைய மகள் எரிகா மான், தம்பி கிளவுஸ், நடிகை தெரேஸ் கீசே, இசையமைப்பாளர் மாக்னஸ் ஹென்னிங் ஆகியோருடன் 1933 ஜனவரி 1ஆம் தேதி மியூனிக் நகரில் இதைத் தொடங்கினார். பாட்டு, குட்டி நாடகம், நையாண்டி எல்லாம் கலந்த நிகழ்ச்சி அது. அதே மாதம் 30ஆம் தேதி ஹிட்லர் ஜெர்மனியின் பிரதமரானார். மார்ச் மாதம் எரிகா சுவிட்சர்லாந்துக்குத் தப்பிச் சென்றார். அவ்வாண்டு இலையுதிர்காலத்தில் சூரிக் நகரில் திரை மீண்டும் விலகியது.

என்னை வியக்கவைத்தது அவர்கள் கையாண்ட உத்திதான். ஹிட்லரின் பெயரை மேடையில் சொல்வதே இல்லை. தேவதைக் கதைகளையும் உருவகங்களையும் வைத்தே பேசினார்கள். கீசே ‘முட்டாள்தனம்’ என்ற பாத்திரமாகவே வந்து பாடினார். யாரைச் சொல்கிறார்கள் என்பது பார்வையாளர்களுக்குப் புரிந்தது, எதிரிகளுக்கும் புரிந்தது. 1934 நவம்பரில் சுவிஸ் தீவிர வலதுசாரிகள் சூரிக் அரங்கில் கலவரம் செய்தனர். 1935இல் எரிகாவின் ஜெர்மன் குடியுரிமை பறிபோனது. பிரிட்டிஷ் கடப்பிதழ் கிடைக்க வேண்டும் என்பதற்காகவே, ஆங்கிலக் கவிஞர் டபிள்யூ. எச். ஆடன் அவரைத் திருமணம் செய்துகொண்டார்.

ஐரோப்பாவில் ஆயிரம் தடவைக்கு மேல் மேடையேறிய அந்நிகழ்ச்சி, 1937 ஜனவரியில் நியூயார்க் சென்றது. பாடல்களை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார்கள். அமெரிக்கர்கள் சிரிக்கவில்லை. மிளகுக் குடுவை அங்கேயே நின்றுபோனது.

மிரட்டலுக்கும் கலவரத்துக்கும் அசையாத அரங்கம், மொழி மாறியதும் விழுந்துவிட்டது. எனக்கு அது புதிதல்ல. பாட்டி சொல்லும் நகைச்சுவையை நண்பர்களிடம் ஆங்கிலத்தில் சொல்லிப் பார்த்திருக்கிறேன், யாரும் சிரித்ததில்லை. கேலியின் பாதி, சொல்லாமல் விட்டதில் இருக்கிறது. சொல்லாததைக் கேட்க, ஒரே மொழியில் வாழ்ந்த காதுகள் வேண்டும்.

படைப்பை முடித்தபோது, தமிழில் அப்படிப்பட்ட காதுகள் நம்மிடம் இன்னும் எத்தனை இருக்கின்றன என்று யோசித்தேன். பாட்டியின் அடுத்த நகைச்சுவையை மொழிபெயர்க்கப் போவதில்லை. நண்பர்களை அவர் எதிரிலேயே உட்காரவைக்கப் போகிறேன்.