கொச்சிப் பீப்பாயும் மினிக்காய்ப் புகையும்

போர்ட் கொச்சியில் நீரோரம் நிற்கும் ஆஸ்பின்வால் ஹவுஸைத் தேடி வருகிறவர்களில் பெரும்பாலோர், 2012இல் தொடங்கிய பினாலே கலைக் கண்காட்சியைக் கேள்விப்பட்டு வருகிறவர்கள். கட்டடம் எழுந்ததென்னவோ வியாபாரத்துக்காக. ஜான் ஆஸ்பின்வால் என்ற ஆங்கிலேயர் 1867இல் தொடங்கிய கம்பெனி தேங்காயெண்ணெய், மிளகு, இஞ்சி, மஞ்சள் எல்லாம் ஏற்றுமதி செய்தது. அந்தக் காலத்தில் இந்தத் துறைமுகத்திலிருந்து தேங்காயெண்ணெய் மரப் பீப்பாய்களில்தான் கப்பலேறியது. உலகச் சந்தையில் ‘கொச்சி எண்ணெய்’ என்றால் உயர்தரத் தேங்காயெண்ணெய் என்று பொருள்.

அப்புறம் இரும்பு டிரம் வந்தது. மரப் பீப்பாயின் பிழைப்பு போயிற்று. அந்த டிரம்முக்கான அமெரிக்கக் காப்புரிமை 1905இல் வாங்கப்பட்டது, நெல்லி பிளை நடத்திய கம்பெனியின் சார்பில். 72 நாளில் உலகைச் சுற்றிவந்த, வழியில் கொழும்பிலும் தங்கிய, அதே பத்திரிகையாளர் நெல்லி பிளைதான். கொல்லைப்புறத்தில் இறைச்சிக்குப் புகை போட டிரம்மைக் குடைகிற ஆட்கள் அந்த அம்மாளுக்குக் கடன்பட்டவர்கள்.

டிரம் இருக்க, புகை போட மரப் பீப்பாய் எதற்கு? அழகு ஒரு காரணம். இன்னொன்று, மரம் சூட்டைச் சட்டென்று வாங்காது, சட்டென்று விடவும் செய்யாது. உள்ளே வெப்பம் ஒரே சீராக நிற்கும். ஆனால் மட்டாஞ்சேரி யூதத் தெருவின் பழம்பொருள் கடையில் பழைய பீப்பாய் ஒன்று கண்ணில் பட்டதும் விலை பேசிவிடக் கூடாது. அதில் முன்பு என்ன இருந்தது என்பதே முதல் கேள்வி. எண்ணெய் ஊறிய பலகை சூடேறினால் சிக்கு நாற்றம் அடிக்கும். ஒரு பொறி பட்டால் பந்தமாகவே எரியும். வார்னிஷ் பூசியதும் ஆகாது. கொச்சி துறைமுகத்துக்குப் பேர் வாங்கித் தந்த எண்ணெய்ப் பீப்பாய்தான் இந்த வேலைக்கு எல்லாவற்றையும்விட மோசமானது. விஸ்கியோ ரம்மோ இருந்த ஓக் மரப் பீப்பாய் உத்தமம். போர்பன் விஸ்கியைப் புதிதாய்க் கருக்கிய ஓக் பீப்பாயில்தான் ஊற வைக்க வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். அங்கே ஒருமுறை பயன்பட்ட பீப்பாய்கள் ஸ்காட்லாந்துக்கும் பெங்களூர் வடிசாலைக்கும் வந்து சேர்வது அதனால்தான்.

மரப் பீப்பாயில் புகை போடுவதைத் தொழிலாகவே செய்தவர்கள் ஸ்காட்லாந்தின் அர்ப்ரோத் ஊர் மீன்காரர்கள். ஹாடக் என்ற மீனைத் தலை நீக்கி, குடலெடுத்து, உப்பில் வைத்து, இரண்டிரண்டாக வால் பக்கம் சணலால் கட்டிக் கம்பில் தொங்கவிடுவார்கள். பாதி மண்ணில் புதைத்த பீப்பாய், அடியில் கெட்டி மரத்தின் தீ, மேலே நனைத்த சணல் சாக்கு. ஒரு மணி நேரத்துக்குள் மீன் வெந்து செம்பழுப்பாகிவிடும். ஊரைச் சுற்றி 8 கிலோமீட்டருக்குள் செய்தால்தான் ‘அர்ப்ரோத் ஸ்மோக்கி’ என்று விற்கலாம். 2004இல் ஐரோப்பிய ஒன்றியம் அந்தக் காப்பைக் கொடுத்தது. பக்கத்து நகரமான டண்டீ நம் வங்காளத்துச் சணலை நெய்து பணக்காரனான ஊர். சாக்குக்கு அவர்கள் அலைய வேண்டியிருந்திருக்காது.

அந்த ஈரச் சாக்குதான் சூட்சுமம். காற்றை மட்டுப்படுத்தித் தீ கொழுந்துவிடாமல் பார்த்துக்கொள்கிறது. கூடவே ஈரப்பதமும் கொடுக்கிறது. பழக்கமில்லாத கை பீப்பாய்க்குள் தீ வைக்க வேண்டாம் என்பேன். தள்ளி ஒரு மண் அடுப்பை வைத்து, இரும்புக் குழாய் வழியாகப் புகையை மட்டும் அடிப்பக்கத்தில் கொண்டுவந்து விடலாம். துத்தநாகப் பூச்சுள்ள குழாய் கூடாது. சூட்டில் அதன் ஆவி நஞ்சு.

பீப்பாயை அறுக்கும் முன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு, அவசரக்காரர்கள் விட்டுவிடுவதும் அதைத்தான். பலகைகளைப் பிடித்து நிற்பவை இரும்புப் பட்டைகள் மட்டுமே. ஆணி, பசை எதுவும் இல்லை. ஈரமிருக்கும் வரை பலகை உப்பி இறுக்கமாக நிற்கும். காய்ந்தால் சுருங்கும், பட்டை நழுவும், பீப்பாய் பலகைக் குவியலாகிவிடும். ஆகவே ஒவ்வொரு பட்டையையும் ஒவ்வொரு பலகையோடும் திருகாணியால் முடுக்கிய பிறகே கதவுக்குக் கோடு போட வேண்டும். கீல், தாழ்ப்பாள், முக்கால் உயரத்தில் கம்பி வலை, மேல்மூடியில் திறந்து மூடும் ஒரு துளை. மிச்சமெல்லாம் தச்சருக்குத் தெரியும்.

விறகுக்குக் கொய்யா, மா, காய்ந்த தேங்காய் மட்டை எல்லாம் சரி. பெயின்ட் அடித்த பலகையும் பிளைவுட்டும் கூடாது. மரத்திலுள்ள லிக்னின் சிதைந்து வரும் பீனால் வகைப் பொருள்கள்தாம் அந்த வாசனை. மேற்பரப்பு சொட்டச்சொட்ட ஈரமாக இருந்தால் அவை சரியாக ஏறாது. தொட்டால் லேசாக ஒட்டும் பதத்தில் காய வைக்க வேண்டும். கொச்சிக் காற்றில் இதற்கு மேசை விசிறிதான் துணை.

எட்டத்து அடுப்பிலிருந்து வரும் புகை வெதுவெதுப்பாகத்தான் இருக்கும். பச்சைக் கோழியை அதில் மணிக்கணக்கில் தொங்கவிட்டால் கிருமிக்கு விருந்து. கோழியின் உள்சூடு 74 டிகிரி செல்சியஸ் தொட வேண்டும். அது இந்தப் புகைக்கு எட்டாது. இந்தச் சிக்கலுக்கு விடை ஸ்காட்லாந்தைவிடப் பக்கத்திலேயே இருக்கிறது. கொச்சியிலிருந்து கப்பலேறினால் போய்ச் சேரும் மினிக்காய்த் தீவில், சூரை மீனைத் துண்டு போட்டு முதலில் உப்புநீரில் வேக வைக்கிறார்கள். அதற்கப்புறம்தான் புகை, அதற்கப்புறம் வெயில். கட்டை போல் இறுகும் வரை விடமாட்டார்கள். நம் கடைகளில் மாசிக் கருவாடு என்று கிடைப்பது இந்த வகைதான்.

வேக வைத்துப் பிறகு புகை போடும் இந்த முறை கொல்லைப்புறப் பீப்பாய்க்கு அளவெடுத்துத் தைத்தது போலப் பொருந்தும். மாட்டிறைச்சியோ பன்றியோ, உப்பும் மிளகும் போட்டு முழுதாக வேக வைத்து, நீர் வடித்து, விசிறிக் காற்றில் ஆற்றி, ஒரு மணி நேரம் புகை காட்டினால் போதும். பிறகு தேங்காய்ப் பல்லும் கறிவேப்பிலையும் சேர்த்து வாணலியில் பிரட்டி எடுக்கலாம். இடுக்கி மலைப்பக்கத்து இடியிறச்சியும் புகையில் உலர்ந்து, இடிபட்டு, மறுபடி வாணலிக்கு வருவதுதானே! மலையாளச் சமையலில் புகை பெரும்பாலும் கடைசிக் கட்டம் இல்லை. மீன் குழம்புக்குப் போடும் குடம்புளியும் கறுப்பாவது புகையில் காய்ந்துதான்.

பீப்பாய்க்குள் தீ இல்லாததால் இன்னொரு நன்மை: கொழுப்பு கங்கில் சொட்டிக் கருகிப் பென்சோபைரீன் போன்ற நஞ்சு கிளம்புவது குறையும். அதற்காகத் தினமும் தின்னலாம் என்று அர்த்தமில்லை. புகையிட்டும் உப்பிட்டும் பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பட்டியலில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015இலேயே சேர்த்துவிட்டது. மேலும், மரம் வெந்நீரில் கழுவிச் சுத்தமாகிற பண்டம் இல்லை. வலையையும் கொக்கியையும் கழற்றித் தேய்க்கும்படி வைத்துக்கொள்வது நல்லது. ஜூன் மழை தொடங்கியதும் பலகை உப்பிக் கதவு மாட்டிக்கொள்ளும். அறுக்கும்போதே விளிம்பில் விரல் நுழையாத ஓர் இடைவெளி விட்டு, அதில் ஈரச் சாக்குத் துண்டைச் செருகிக்கொண்டால் புகையும் கசியாது.